ஒல்லாந்தத் தேவாலய ஓவியங்கள் கூறும் வரலாறு

வரலாறு எழுதப் புகுவோன் முதலில் நாடுவன ஏடும் கல்வெட்டுமே. அரசாணை, நிலப்பதிவு, கடிதம், நாட்குறிப்பு என்பன கிடைத்துவிடின் தன் தேட்டம் நிறைவுற்றதென எண்ணுவோரும் உளர். ஆனால், ஒரு காலத்து மக்கள் வழிபாட்டிடத்தில் எங்கு நின்றனர், எங்கு அமர்ந்தனர், எதனை நோக்கினர், எதனைப் பொருட்படுத்தாது விட்டனர் என்பவற்றை ஏடுகள் எளிதிற் சொல்வதில்லை. எல்லார்க்கும் தெரிந்ததொன்றை எவரும் எழுதிவைப்பதில்லை அன்றோ? அத்தகைய செய்திகளை அறிய விரும்புவோனுக்கு ஓவியம் பெருந்துணையாகும். ஆயினும், அத்துணையைப் பயன்படுத்துவதற்கும் ஒரு பயிற்சி வேண்டும்.

இக்கட்டுரைக்கு வித்திட்டது வகுப்பறையில் எழுந்த ஒரு வினா. ஐரோப்பியச் சமயச் சீர்திருத்தத்தைக் கற்பிக்கும்போது, பதினேழாம் நூற்றாண்டு ஒல்லாந்த ஓவியம் ஒன்றின் அச்சுப்பிரதியை மாணவர்க்குக் காட்டினேன். உயர்ந்த வெண்டூண்கள், வெறுமையான சுவர்கள், சாளரத்தின் வழியே வீழும் ஒளி, தரையில் எறும்புபோற் சிறுத்த சில மனிதர்: அவ்வளவே அவ்வோவியம். “ஐயா, இது புகைப்படம் போலவே இருக்கின்றது, ஆகவே இதில் உள்ளவை யாவும் அப்படியே இருந்தவை என்று கொள்ளலாமா?” என ஒரு மாணவன் கேட்டான். ஆம் என்பதும் இல்லை என்பதும் அதற்கு முழுமையான விடையாகமாட்டா. அவனுக்கு அன்று கூறிய சிலவற்றோடு பின்னர் எண்ணிப் பார்த்தவற்றையும் சேர்த்து ஈண்டுத் தருகின்றேன்.

வெள்ளையடிக்கப்பட்ட சுவர்கள்

அவ்வோவியங்களின் வெண்மைக்கு ஒரு வரலாறு உண்டு. பதினாறாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை நெதர்லாந்து நாடுகளின் தேவாலயங்கள் வண்ணமும் பொன்னும் நிறைந்து விளங்கின. தூண்தோறும் புனிதர்க்குரிய சிறு பலிபீடங்கள் இருந்தன. வணிகரும் தொழிற்குழுவினரும் தத்தம் காவற் புனிதர்க்குத் திருவுருவங்களும் ஓவியங்களும் செய்து காணிக்கையாக அளித்தனர். ஓவியருக்கும் சிற்பிகளுக்கும் திருச்சபையே தலையாய புரவலராக இருந்தது.

1566 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் இந்நிலை குலைந்தது. கல்வினின் போதனையைப் பின்பற்றியோர், திருவுருவங்களை வணங்குதல் இறைகட்டளைக்கு மாறானது எனக் கொண்டு, அவற்றை உடைக்கத் தலைப்பட்டனர். மேற்கு பிளாந்தர்சிலே ஸ்ரீன்வோர்டே என்னும் சிற்றூரில் ஆகஸ்ட் 10 ஆந் தேதி தொடங்கிய உடைப்பு, பத்து நாட்களுள் அன்வேர்ப் மாநகரின் பெருந்தேவாலயத்தை எட்டியது. அதன்பின் வடக்கிலும் பரவியது. இவ்வெழுச்சியை ஒடுக்க ஸ்பானிய மன்னன் இரண்டாம் பிலிப்பு படையனுப்பினான். அதன் விளைவாக மூண்ட போர் இடையில் ஓய்வுற்றும் மீண்டும் எழுந்தும் 1648 ஆம் ஆண்டுவரை நீடித்தது. வட மாகாணங்கள் 1579 இல் உத்திரெக்று உடன்படிக்கையால் ஒன்றிணைந்து, காலப்போக்கிற் குடியரசாயின. ஆங்காங்கு இருந்த பழைய கத்தோலிக்கத் தேவாலயங்கள் சீர்திருத்தச் சபையினரின் கைக்கு மாறின. ஹார்லெம் நகரின் புனித பாவோ தேவாலயம் அவ்வாறு மாறியது 1578 ஆம் ஆண்டிலாகும்.

மாறிய தேவாலயங்களில் பலிபீடங்கள் அகற்றப்பட்டன; சுவரோவியங்கள் மீது சுண்ணாம்பு பூசப்பட்டது. பலிபீடம் இருந்த திசையை நோக்கி நின்ற மக்கள், இப்பொழுது மண்டபத்தின் நடுவே தூணொன்றில் அமைந்த பிரசங்க பீடத்தை நோக்கி அமர்ந்தனர். கண்ணாற் கண்டு வழிபட்ட இடம் காதாற் கேட்டு வழிபடும் இடமாயிற்று. பத்துக் கட்டளைகளை எழுதிய பலகையும், அன்று பாடப்படவிருக்கும் சங்கீதங்களின் இலக்கங்களைக் காட்டும் பலகையும் திருவுருவங்கள் நின்ற இடங்களைப் பிடித்தன.

இதன் விளைவொன்று வியப்புக்குரியது. தேவாலயத்திலிருந்து ஓவியம் வெளியேற்றப்பட்டது. ஆனால் அவ்வாறு வெளியேற்றப்பட்ட ஓவியமே, இரண்டு தலைமுறை கழிந்தபின், அந்த வெறுமையான தேவாலயத்தைத் தன் பொருளாக்கிக்கொண்டது. திருச்சபையின் ஆதரவை இழந்த ஒல்லாந்த ஓவியர் நகர மக்களின் இல்லச் சுவர்களை நம்பி வாழத் தொடங்கினர். நிலக்காட்சி, கடற்காட்சி, உருவப்படம், உணவுப்பொருட் காட்சி என்பவற்றோடு தேவாலய உட்புறக் காட்சியும் ஒரு தனித்துறையாக வளர்ந்தது. தேவாலயத்தினுள் தொங்கவிடற்கு இடமில்லாத ஓவியம், தேவாலயத்தையே சுமந்துகொண்டு வணிகனின் கூடத்தில் தொங்கியது.

தெற்கே, ஸ்பானிய ஆட்சியில் கத்தோலிக்கமாகவே நிலைத்த அன்வேர்ப்பிலும் இத்துறை இருந்தது. மூத்த பீற்றர் நேவ்ஸ் என்பார் தீட்டிய உட்புறக் காட்சிகளில் தூண்தோறும் பீடங்களும், எரியும் மெழுகுதிரிகளும், பூசை நிகழ்த்தும் குருக்களும் காணப்படுகின்றனர். ஒரே காலம், அடுத்தடுத்த நாடுகள், ஏறத்தாழ ஒரே கட்டட மரபு. ஆயினும் ஒன்றில் புகையும் பொன்னும், மற்றதில் சுண்ணாம்பும் ஒளியும். இரண்டையும் அருகருகே வைத்து நோக்கும் மாணவன், சமயச் சீர்திருத்தம் என்பது யாது என்பதைப் பல பக்கங்கள் படித்து அறிவதினும் விரைவில் அறிந்துகொள்வான்.

சான்ரெடாமின் அளவுகோல்

இத்துறையில் முதன்மையானவர் பீற்றர் சான்ரெடாம். அசெண்டெல்வ்ற் என்னும் ஊரில் 1597 ஆம் ஆண்டு பிறந்தவர். செதுக்கோவியரான தந்தையை இளமையிலேயே இழந்து ஹார்லெமுக்கு வந்து, அங்கே ஓவியம் பயின்று, 1623 இல் அந்நகர ஓவியர் சங்கத்தில் உறுப்பினரானார். 1628 அளவில் தேவாலயங்களை வரையத் தொடங்கியவர் தம் எஞ்சிய வாழ்நாளை அப்பணிக்கே அளித்தார். 1665 இல் இறந்து, தாம் பலமுறை வரைந்த புனித பாவோ தேவாலயத்திலேயே அடக்கஞ் செய்யப்பட்டார்.

அவர் வேலைசெய்த முறை வரலாற்று மாணவனின் கவனத்துக்குரியது. முதலில் தேவாலயத்துக்கே சென்று, குறித்த ஓரிடத்தில் அமர்ந்து, கண்டதைக் கண்டவாறே தாளில் வரைவார். நாளையும் அதிற் குறிப்பார். தூண்களின் இடைவெளி, வளைவுகளின் உயரம் என்பவற்றை அளந்தறிவார். இரண்டாம் படியாக, அவ்வளவுகளைக் கொண்டு, அண்மையிலுள்ளது பெருத்தும் சேய்மையிலுள்ளது சிறுத்தும் தோன்றுமாறு கோடிழுத்துத் திருத்தமான அமைப்புப்படம் ஒன்றை ஆக்குவார். மூன்றாம் படியிலேதான் அது மரப்பலகைக்கு மாற்றப்பட்டு வண்ணம் பெறும். ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் இடையே ஆண்டுகள் பல கழிவதுண்டு. தம் பிறந்த ஊராகிய அசெண்டெல்வ்ற்றின் புனித ஒடுல்பஸ் தேவாலயத்தை அவர் நேரில் வரைந்தது 1634 இல்; அமைப்புப்படம் ஆக்கியது 1643 இல்; ஓவியத்தை முடித்தது 1649 இல். பதினைந்து ஆண்டுகள் ஓர் ஓவியத்துக்கு!

இப்பொழுது அம்ஸ்ரர்டாமின் தேசிய நூதனசாலையாகிய றெயிக்ஸ் நூதனசாலையிலுள்ள அவ்வோவியத்தில், போதகர் பீடத்தில் நின்று பேசுகின்றார். மக்கள் அவரைச் சூழ்ந்து ஆசனங்களிலும் தரையிலும் அமர்ந்துள்ளனர். நம் கண்ணெதிரே முன்புறத் தரையில் ஒரு கல்லறைப் பலகை உள்ளது. அதிற் பொறிக்கப்பட்டிருப்பது ஓவியரின் தந்தையின் பெயர். ஆரவாரமெதுவுமின்றி, பொதுக்காட்சி ஒன்றினுள்ளே தம் குடும்பத்தின் துயரத்தை ஓவியர் வைத்துவிட்டார். அளவுகோலோடு வேலைசெய்தோர் உணர்ச்சியற்றோர் என எண்ணுதல் தவறென்பதற்கு இஃது ஒரு சான்று.

ஓவியங்களிற் காணும் சமய வாழ்வு

இவ்வோவியங்களை நுணுகி நோக்குவோர்க்கு முதலில் வியப்பளிப்பது, தேவாலயத்தினுள்ளே வழிபாடு அல்லாத பலவும் நிகழ்ந்தமையாகும். வார நாட்களிலும் தேவாலயக் கதவுகள் திறந்திருந்தன. மழைக்கும் குளிருக்கும் ஒதுங்குவோரும், உலாவி உரையாடுவோரும், வணிகம் பேசுவோரும் அங்கு வந்தனர். ஆடவர் தொப்பியணிந்தவாறே நடமாடுகின்றனர். இலண்டன் தேசிய ஓவியசாலையிலுள்ள, சான்ரெடாம் 1644 இல் தீட்டிய உத்திரெக்று பூர் தேவாலய ஓவியத்தில், ஒரு சிறுவன் சுவரிற் கிறுக்கிக்கொண்டிருக்கின்றான். மற்றொருவன் நாயொன்றைப் பின்னங்காலில் அமர்ந்திருக்கப் பழக்குகின்றான். சிறுவன் கீறிய படத்துக்குக் கீழே ஓவியர் தம் பெயரை எழுதிவைத்தமை அவருடைய நகைச்சுவை உணர்வைக் காட்டும்.

நாய்களைப் பற்றியும் ஒரு சொல் கூறவேண்டும். எமானுவல் த விற்றே 1650 அளவில் தீட்டிய டெல்வ்ற் பழைய தேவாலய ஓவியம் நியூயோர்க் மெற்றோபொலிற்றன் நூதனசாலையில் உள்ளது. அதில் புதிதாய்த் தோண்டிய புதைகுழியொன்று காணப்படுகின்றது, அங்கும் நாயுண்டு. நாய்கள் ஓவியரின் கற்பனையல்ல. அவற்றை விரட்டுவதற்கெனவே சம்பளம் பெறும் ஊழியரை ஒல்லாந்தத் தேவாலயங்கள் வைத்திருந்தன. ஊழியர் இருந்தமை ஏட்டால் அறியப்படுகின்றது. அவருக்கு வேலை குறையாதிருந்தமை ஓவியத்தால் அறியப்படுகின்றது. ஏடும் ஓவியமும் ஒன்றையொன்று தாங்கிநிற்கும் இடம் இது.

திறந்த புதைகுழி அவ்வோவியங்களில் மீண்டும் மீண்டும் தோன்றும் பொருளாகும். தேவாலயத் தரை முழுவதும் கல்லறைகளால் ஆனது. இடம்பெற்ற குடும்பத்தார் பணம் செலுத்தினர். தேவாலயத்துக்கு அஃதொரு வருவாயாக இருந்தது. தூண்களிலே இறந்தோரின் குலச்சின்னந் தீட்டிய கரும்பலகைகள் தொங்கின. புனிதரின் உருவங்களை விலக்கிய மக்கள் தம் முன்னோரின் சின்னங்களை விலக்கவில்லை. உருவமற்ற வழிபாடு வேண்டுமென உறுதிபூண்டோரின் சுவர்களிலும் குடும்பப் பெருமை இடம்பிடித்தமையை ஓவியர் மறைக்காது காட்டியுள்ளனர்.

ஓகன் என்னும் பெருங் குழலிசைக்கருவியும் ஆராய்தற்குரியது. வழிபாட்டின்போது அதனை இசைத்தல் தகாது என்பது சீர்திருத்தச் சபையாரிற் பலரின் கருத்து. ஆனால் தேவாலயக் கட்டடங்களையும் ஓகன்களையும் பேணியவை நகராட்சிகளே. அவை ஓகனை விட்டுக்கொடுக்கவில்லை. வழிபாட்டுக்கு முன்னும் பின்னும் அஃது ஒலித்தது. சங்கீதங்களோடு அதனை இசைத்தல் வேண்டுமென வாதிட்டு, இளவரசரின் செயலாளரும் புலவருமான கொன்ஸ்ரன்ரைன் ஹைகன்ஸ் 1641 இல் ஒரு நூல் வெளியிட்டார். அதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன், 1636 இல், சான்ரெடாம் புனித பாவோ தேவாலயத்தைத் தீட்டிய ஓவியமொன்றில் அந்தப் பேரோகனே சிறப்பிடம் பெறுகின்றது. நாடு முழுவதும் வாதிட்டுக்கொண்டிருந்த ஒன்றை ஓவியத்தின் உச்சியில் வைத்தல் தற்செயலாகுமா? ஓவியம் மௌனமானது, ஆயினும் அது வாதத்திற் கலந்துகொள்ளாமல் இருப்பதில்லை.

உள்ளதும் உள்ளவாறும்

இனி மாணவனின் வினாவுக்கு வருவோம். இவ்வளவு அளவும் திருத்தமும் உடைய ஓவியங்கள் யாவும் உள்ளதை உள்ளவாறே காட்டுகின்றனவா?

டென் பொஸ் நகரம் நெடுங்காலம் கத்தோலிக்கர் வசம் இருந்தது. 1629 இல் ஒல்லாந்தப் படை அதனைக் கைப்பற்றியது. மூன்றாண்டுகளின் பின் அங்கு சென்ற சான்ரெடாம் புனித யோவான் பெருந்தேவாலயத்தின் உட்புறத்தை வரைந்தார். அன்று தலைமைப் பீடத்தில் அதற்குரிய ஓவியம் இல்லை. ஆனால் அவ்வரைபடத்தைக் கொண்டு 1646 இல் அவர் தீட்டிய ஓவியத்தில், பீடத்தின் நடுவே ஆபிரகாம் புளூமார்ற்றின் சமய ஓவியமொன்று நிறைந்து விளங்குகின்றது. வாஷிங்ரன் தேசிய ஓவியசாலையில் இதனைக் காணலாம். போர் வெறுமையாக்கிய பீடத்தை ஓவியரின் தூரிகை நிரப்பிவிட்டது. அதற்கு முன்னரே, 1630 இல், புனித பாவோ தேவாலயத்தைத் தீட்டியபோது, அங்கு ஒருபோதும் இருந்திராத மேற்றிராணியார் ஒருவரின் கல்லறையை அவர் சேர்த்திருந்தார். அவ்வோவியம் பாரிசின் லூவர் நூதனசாலையில் உள்ளது. தூணும் வளைவும் உண்மை, கல்லறை கற்பனை.

த விற்றே இதனினும் துணிந்தவர். டெல்வ்றிலிருந்து 1650 களின் தொடக்கத்தில் அம்ஸ்ரர்டாமுக்குப் பெயர்ந்தபின், ஒரு தேவாலயத்தின் தூணையும் மற்றொன்றின் சாளரத்தையும் சேர்த்து, எவ்வூரிலும் இல்லாத தேவாலயங்களைத் தீட்டினார். ஆயினும் அவற்றின் ஒளியும், போதகரின் கையசைவும், மடியிற் குழந்தையுடன் அமர்ந்த தாயும் மெய்யானவையாகவே தோன்றுகின்றன. கட்டடத்தை அறிய விரும்புவோன் சான்ரெடாமிடமும், மக்களை அறிய விரும்புவோன் த விற்றேயிடமும் செல்லலாம். இருவரிடத்தும் விழிப்போடு செல்லவேண்டும்.

ஓவியர் எதனைத் தெரிந்தெடுத்தார் என்பதும் ஒரு சான்றே. ஹெறார்ட் ஹௌக்கேஸ்ற் 1650, 1651 ஆம் ஆண்டுகளில் டெல்வ்ற் புதிய தேவாலயத்தைத் தீட்டியபோது, நேர்நோக்கை விடுத்துச் சாய்வாக நின்று, தூண்களினூடே ஒரு சமாதி தெரியுமாறு அமைத்தார். அச்சமாதி 1584 இல் அதே நகரிற் கொலையுண்ட ஒரேஞ்சு இளவரசர் வில்லியத்தினுடையது. நாட்டின் செலவில் ஹென்றிக் த கெய்சர் என்னும் சிற்பி 1614 இல் தொடங்கிய அவ்வேலை 1623 இல் முடிவுற்றது. புனிதர்களின் எச்சங்களைத் தேடிவந்த யாத்திரிகர் மறைந்தனர்; குடியரசின் தந்தையைக் காணவருவோர் அவ்விடத்தை நிரப்பினர். தேவாலயம் நாட்டின் நினைவாலயமும் ஆயிற்று என்பதை ஹௌக்கேஸ்ற்றின் சாய்ந்த நோக்கு சொல்லாமற் சொல்கின்றது.

ஓவியர் எதனை விடுத்தார் என்பதும் சான்றே. ஒல்லாந்துக் கத்தோலிக்கர் தம் வழிபாட்டை வெளிப்படையாக நடத்தத் தடையிருந்தது. அவர்கள் வீடுகளினுள்ளே மறைவாகக் கோயில் அமைத்தனர். அம்ஸ்ரர்டாமில் 1663 இல் வீடொன்றின் மேன்மாடத்தில் அமைத்த அத்தகைய கோயில் இன்று நூதனசாலையாகப் பேணப்படுகின்றது. பெருந்தேவாலயங்களைத் தீட்டிய ஓவியங்களை மட்டும் நோக்குவோன், அந்நாட்டில் வேறு சமயத்தாரே இல்லை என மயங்கக்கூடும். யூதர் நிலை வேறு. 1675 இல் திறந்துவைக்கப்பட்ட அவர்களது பெரிய தொழுகை மண்டபத்தை த விற்றே 1680 இல் தீட்டினார். கிறித்தவர் அல்லாதாரின் வழிபாட்டுக்கும் அவர் தூரிகை இடங்கொடுத்தது. அந்நாடு எவரைப் பொறுத்தது, எவரை மறைவில் வைத்தது என்பதை இவ்விரண்டும் சேர்ந்து கூறுகின்றன.

கல் அழிந்தபின்

இவ்வளவு ஐயங்களும் எழுப்பியபின், ஓவியத்தாற் பயனென்ன என ஒருவர் கேட்கலாம். உத்திரெக்று நகரின் மரியாள் தேவாலயத்தைக் கொண்டு அதற்கு விடை கூறலாம். சான்ரெடாம் 1636 இல் அந்நகரில் தங்கி அத்தேவாலயத்தை உள்ளும் புறமும் பலமுறை வரைந்தார். பழமை மிக்க அக்கட்டடம் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இடித்தழிக்கப்பட்டது. சுற்றுமண்டபம் மட்டும் எஞ்சியது. அதன் தூண்கள் எவ்வாறிருந்தன, கூரை எவ்வாறு வளைந்தது என அறிய விரும்புவோர் இன்று நாடுவது சான்ரெடாமின் தாள்களையே. நாளும் இடமும் அளவும் குறித்து அவர் வரைந்தமையாலேயே அவை சான்றாக நிற்கின்றன. அவர் வேண்டுமென்றே மாற்றியவற்றைக்கூட நாம் கண்டுபிடிக்க முடிவது, அவருடைய முதல் வரைபடங்கள் பிழைத்திருப்பதனாலன்றோ?

நம் நாட்டோடு உள்ள தொடர்பு

இவ்வரலாறு நம் கடற்கரையையும் தொட்டுச் செல்கின்றது. 1658 ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ஒல்லாந்தர் யாழ்ப்பாணக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றினர். அவர்களோடு வந்த போதகர் பிலிப்பு பல்தேயு 1632 இல் டெல்வ்ற் நகரிற் பிறந்தவர். ஹௌக்கேஸ்ற்றும் த விற்றேயும் அந்நகரத்தின் வெண்டூண்களைத் தீட்டிய காலத்தில் அவர் பதினெட்டு வயது இளைஞர். 1665 வரை யாழ்ப்பாணத்திற் பணியாற்றிய அவர் எழுதிய நூல் 1672 இல் அம்ஸ்ரர்டாமில் அச்சேறியது. பீற்றர் புரோகியர் செய்த அதன் இலங்கைப் பகுதியின் ஆங்கில மொழிபெயர்ப்பு 1960 இல் இலங்கையில் வெளிவந்தது.

நம் ஊர்த் தேவாலயங்கள் பலவற்றின் செதுக்குப்படங்கள் அந்நூலில் இடம்பெறுகின்றன. தெல்லிப்பழை, பண்டத்தரிப்பு, சங்கானை, மானிப்பாய் முதலாய ஊர்களின் பெயரோடு வரும் ஐரோப்பியப் படங்களுள் அவை மிகப் பழையனவற்றைச் சேர்ந்தவை. அக்கட்டடங்கள் போர்த்துக்கேயரின் கத்தோலிக்கக் கோயில்களாக இருந்தவை; 1566 க்குப்பின் ஒல்லாந்தில் நிகழ்ந்தது போலவே, இங்கும் உருவங்கள் நீக்கப்பட்டுப் போதனைக்குரிய இடங்களாயின. பிள்ளைகள் கற்கும் பள்ளிகளும் அங்கேயே இயங்கின. திருமுழுக்கும் திருமணமும் தோம்புகளிற் பதியப்பட்டன. ஆட்சியின் கணக்கும் சமயத்தின் கணக்கும் ஒரே ஏட்டில் எழுதப்பட்ட காலம் அது.

அப்படங்களையும் நாம் மேற்கூறிய விழிப்போடு நோக்குதல் வேண்டும். நேரில் வரைந்த கை எது? செப்புத்தகட்டில் வெட்டிய கை எது? மரமும் மனிதரும் கண்டு வரையப்பட்டனவா, கேட்டு வரையப்பட்டனவா? தம் சபையின் வெற்றியை ஐரோப்பிய வாசகர்க்கு எடுத்துக்காட்டும் நோக்கம் அவற்றை எவ்வளவு திருத்தியமைத்தது? இவ்வினாக்களைக் கேட்டபின்னும் அவை பயன்படும். கேட்காமல் ஏற்பின் நம்மை மயக்கும். படத்தில் இல்லாதது எதுவென்றும் கேட்கவேண்டும். போர்த்துக்கேயத் தளபதி பிலிப்பு ஒலிவேறா 1621 இல் இடிப்பித்த நல்லூர்க் கந்தசுவாமி கோயிலின் உட்புறத்தை அளந்து வரைந்துவைத்தார் எவருமிலர். கல்லும் போயிற்று, கல்லின் சாயலும் போயிற்று.

ஒல்லாந்தர் கட்டியவையும் நிலைத்தில. யாழ்ப்பாணக் கோட்டையினுள் 1706 இல் எழுந்த சிலுவை வடிவமான தேவாலயம், 1990 இல் தொடங்கிய கோட்டை முற்றுகைக்கும் அதனைத் தொடர்ந்த போருக்கும் இரையாகி இடிபாடாயிற்று. என் தலைமுறையினர்க்கு அது பெரியோர் வாய்க்கேட்ட செய்தியே. அதன் தரையிலும் பிற ஒல்லாந்தத் தேவாலயங்களிலும் இருந்த கல்லறைக் கல்வெட்டுக்களை லியோப்பால்ட் லூதோவிசி 1877 இலும், ஜே. பி. லூயிஸ் 1913 இலும் நூல்வடிவிற் பதிந்துவைத்தனர். அவர்கள் அமர்ந்து படியெடுத்த நாளில், இஃது எதற்கு என்று கேட்டோரும் இருந்திருப்பர். இன்று அக்கேள்விக்கு இடமில்லை. கொழும்பில் 1757 இல் வழிபாட்டுக்குத் திறக்கப்பட்ட வுல்வெண்டால் தேவாலயம் இன்றும் நிற்கின்றது. அதனுள்ளே சென்று, தரையிற் பதித்த கல்லறைப் பலகைகளையும் சுவரிலுள்ள குலச்சின்னப் பலகைகளையும் காணும் மாணவன், த விற்றேயின் ஓவியமொன்றினுள் நிற்பதாகவே உணர்வான்.

நாம் செய்யத்தக்கது

நம் ஊர்க் கோயில்களிலும் மாற்றம் நாள்தோறும் நிகழ்கின்றது. கும்பாபிஷேகத் திருப்பணி என்னும் நற்பணியின்போது பழைய மரத்தூண் போய்ச் சீமெந்துத் தூண் வருகின்றது. சுவரிலிருந்த பழஞ்சித்திரத்தின் மீது புதுவண்ணம் ஏறுகின்றது. போரால் அழிந்தவற்றுக்காக நாம் வருந்துகின்றோம். பத்தியால் அழிபவற்றைக் கவனிப்பதில்லை. திருப்பணியைத் தடுக்க வேண்டும் என்பது என் கருத்தன்று. வழிபாடு நடைபெறும் இடம் புதுக்கப்படுதல் இயல்பே. ஆனால், புதுக்குமுன் ஒருமுறை அளந்து வரைந்துவைத்தல் இயலாத செயலா?

கைப்பேசியிற் படமெடுக்காத மாணவர் இன்று அரியர். எனினும், நாளும் இடமும் குறியாத படம் பத்தாண்டு கழிந்தபின் எவர்க்கும் பயன்படாது. கோயில் மண்டபத்தின் நீள அகலம், தூண்களின் தொகை, எந்தத் திசையில் நின்று வரைந்தது அல்லது எடுத்தது, எந்த ஆண்டு, எந்தத் திருவிழா, மக்கள் எங்கு நின்றனர், சிறுவர் எங்கு விளையாடினர் என்பவற்றை ஒரு கொப்பியிற் குறித்துவைத்தாற் போதும். நாயொன்று படுத்திருந்தால் அதனையும் குறியுங்கள். முந்நூற்றைம்பது ஆண்டுகளின்பின் அதனைப் படித்து மகிழ்வோன் ஒருவன் இருப்பான்.

அன்று வினவிய மாணவனுக்கு நான் இறுதியிற் கூறியது இதுவே. ஓவியம் பொய்யும் சொல்லும், மெய்யும் சொல்லும். எதனைச் சொல்கின்றது என்று தெளிவதற்கு, ஓவியன் முதலில் வரைந்த தாள் நம்மிடம் இருக்கவேண்டும். மறுவாரம் அவன் தன் ஊர்ப் பிள்ளையார் கோயில் வசந்த மண்டபத்தை அளந்து வரைந்த தாளொன்றைக் கொணர்ந்தான். கோடுகள் கோணியிருந்தன, தூணொன்று குறைந்திருந்தது. ஆயினும் தாளின் மூலையில் நாளும் ஆண்டும் எழுதப்பட்டிருந்தன.